மோட்டார் நின்ற வாரம்

சேரன் என்ன வேலை பார்க்கிறான் என்று வல்லத்திராக்கோட்டையில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பெற்ற தாய் அழகம்மாளே, "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். பாவம், அவள் மட்டும் என்ன செய்வாள்? பாட்டு இருந்தால் பாடகன், மேளம் இருந்தால் மேளக்காரன். இவன் போடும் இசையில் இரண்டும் கிடையாது. காற்று, தூரத்துக் குருவி, அதற்கடியில் கம்ப்யூட்டரில் செய்த நீண்ட ரீங்காரம். ஆம்பியன்ட் என்று பெயர். எங்கெங்கோ நாட்டில் தூக்கம் வராதவர்கள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு படுக்கிறார்கள்.

இன்ஜினியரிங் முடித்துச் சென்னையில் கிடைத்த நல்ல வேலையை இதற்காக விட்டான். ஊரே வாயைப் பிளந்தது. கல்யாணப் பேச்சு வந்து, மாப்பிள்ளையின் தொழிலைக் கேட்டதும் வந்த வழியே திரும்பியது. டீக்கடையில் கிண்டலுக்குப் பஞ்சமே இல்லை. கிண்டல் செய்யாதவள் பக்கத்துக் காட்டு மூக்காயி ஒருத்திதான். அத்தை முறை. புருஷன் போனபின் ஒற்றை ஆளாகக் கடலை போட்டுப் பிழைப்பவள். எல்லாரும் கத்திக்கொண்டு திரியும்போது இவன் ஒருத்தன் சத்தமில்லாமல் ஏதோ செய்கிறான், செய்யட்டுமே என்பாள்.

போன வருஷம் ஒரு ஆல்பத்துக்காகக் கடலைக் காட்டின் காலை நேரத்தைப் பதிவு செய்யச் சென்னையிலிருந்து மைக்கோடு ஊருக்கு வந்தான். எல்லாம் பிரமாதம், மூக்காயியின் போர்வெல் மோட்டார்தான் உயிரை எடுத்தது. கொஞ்ச நாளைக்குக் காலையில் மட்டும் நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டான். மூக்காயி காட்டை ஒரு பார்வை பார்த்தாள்.

"அதுக்கென்ன மருமவனே, எடுத்துக்க."

அந்த மடையனுக்கு ஒன்று மறந்துபோயிருந்தது. மோட்டார் ஓடத் தேவையான த்ரீ ஃபேஸ் கரண்ட் அப்போது காலையில்தான் வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட நாளில் அந்தக் கரண்டுக்காக அப்பாவோடு வாய்க்காலோரம் காத்துக் கிடந்தவன்தான் இவனும். அதுவும் கடலையில் விழுது மண்ணுக்குள் இறங்கும் சமயம். ஈரம் இல்லையென்றால் காய் பிடிக்காது. ஒரு வாரத்துக்கு மேல் காதில் ஹெட்போனோடு வரப்பிலேயே உட்கார்ந்திருந்தான். வாடிய செடி காற்றில் சரசரத்தபோது, நன்றாக இருக்கிறதே என்று அதையும் சேர்த்துப் பதிவு செய்தான், பாவி.

ஆல்பம் நன்றாகப் போனது. யார் யாரோ புகழ்ந்து எழுதினார்கள். அந்தச் சந்தோஷத்தில் அம்மாவுக்குப் போன் செய்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மூக்காயியின் கடலை அத்தனையும் உள்ளே பருப்பில்லாத பொக்கு. பறித்த கூலிக்குக்கூடத் தேறவில்லை. சேரனிடம் சொல்லிவிடாதே என்று அழகம்மாளிடம் சத்தியம் வேறு வாங்கியிருந்தாளாம். அதற்குப் பிறகு அந்த ஆல்பத்தை அவனால் கேட்க முடியவில்லை. சரசரப்பு வரும் இடத்தில் நிறுத்திவிடுவான். ஊர்ப்பக்கம் போகவும் முகமில்லை. தீபாவளிக்கு ஒரு சாக்கு, பொங்கலுக்கு ஒரு சாக்கு.

மாசியில் ஒருநாள் துணிந்து கிளம்பினான். மைக் எடுக்கவில்லை. காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். வரப்பில் இறங்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலைக் கேட்கக் கேட்க நெஞ்சுக்கு இதமாக இருந்தது. பாதி தூரம் நடந்திருப்பான், மோட்டார் நின்றது. மோட்டார் ரூமிலிருந்து கையைத் துடைத்தபடி மூக்காயி வந்தாள்.

"ஏன் அத்தை நிறுத்துனீங்க?"

"நீ வாரது தெரிஞ்சுச்சு. அதான்."

பதிவு செய்ய வரவில்லை, மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை.

"போன தடவ கடலை, அது தாங்கல. இந்தத் தடவ எள்ளு போட்ருக்கேன். அதுக்குத் தண்ணி அவ்வளவா வேணாம். நீ எத்தன நாளு வேணுமோ இருந்து எடு."

சேரன் காட்டைப் பார்த்தான். காலடியிலிருந்து அங்கிட்டு வேலி வரைக்கும் எள்தான். நேராக மோட்டார் ரூமுக்குள் போய் சுவிட்சைப் போட்டான். வெளியே வரத்தான் அவனால் முடியவில்லை.