சிவப்புப் பொத்தானில் ஒரு சந்தனப் பொட்டு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒரு மல்யுத்தம். ஒரு பக்கம் மாடி வீட்டுத் தம்பியும் அவர் மனைவியும். எதிர்ப்பக்கம், காருக்குள் பொருத்த வேண்டிய புத்தம்புது குழந்தை சீட்!

சென்னையிலிருந்து ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை வேலைக்காகத் திருப்பதிக்குக் குடிவந்தவர்கள். மொபைலில் வீடியோ ஓட, அவர் சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி பெல்ட்டை இழுக்கிறார். அந்தப் பெண் கையேட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறாள். இரண்டு மணி நேரம்.

"அக்கா, சீட் ஆடுதான்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.

நான் ஆட்டிப் பார்க்கவில்லை. குனிந்து, குழந்தையின் இடுப்புக்கு முன்னால் வரும் அந்தச் சிவப்புப் பொத்தானை மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தேன். பெல்ட்டின் நாக்கு நுழைகிற துவாரத்துக்குள் ஒரு முறை... இன்னொரு முறை...

"அங்க என்னக்கா இருக்கு? புதுசுதானே" என்று சிரித்தார். தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். எட்டு மாதமாகத் தெரியும்.

என் தம்பி சரவணன் நகரியில் இருக்கிறான். வீட்டை ஒட்டியே ஆறு விசைத்தறி. அவன் மனைவி தீபா. மகள் கீர்த்தி, அப்போது இரண்டரை வயது. கீர்த்திக்குக் கார் சீட் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் தீபாதான். தெருவே சிரித்தது. "பெத்தவ மடி இருக்க சொல்ல இன்னாத்துக்கு இந்த பொட்டி?" என்று கேட்டார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அதைப் பொருத்தியது தனிக் கூத்து. சீட்டை மாட்ட வேண்டிய இரும்புக் கொக்கிகளை மூடி, கடைக்காரர் ஷோக்காக சீட் கவர் தைத்திருந்தார். சரவணன் பிளேடால் கவரைக் கிழித்துத் தேடினான். ஒரு பக்கம் மாட்டினால் மறுபக்கம் கழன்றது. கடைசியில் 'டக்' என்று உட்கார்ந்தது. "தறி மாரி நிக்குது பாருக்கா" என்று மார்தட்டினான்.

அந்த வாரமே ஆயுத பூஜை வந்தது.

தறிக்காரர் வீட்டு ஆயுத பூஜை எப்படி இருக்கும் தெரியுமா? தறி, மோட்டார், கத்தரிக்கோல், மிக்ஸி, தையல் மெஷின் என்று அசைவது, திறப்பது, மூடுவது எல்லாவற்றுக்கும் பொட்டு. பொட்டு வைப்பது அந்த வீட்டில் பிறந்த பெண்ணின் உரிமை. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. சந்தனக் கிண்ணத்தோடு காருக்கு வந்தேன். ஸ்டீயரிங்குக்கு ஒன்று, கியருக்கு ஒன்று. பின் சீட்டில் கீர்த்தியின் சிம்மாசனம்! நடுவில் சிவப்பாக ஒரு பொத்தான். குழந்தையைக் காக்கிற இடம் அதுதானே என்று மூன்று விரலால் அள்ளிக் கொழகொழவென்று அப்பினேன். மேலே குங்குமம். ஒழுகி உள்ளே இறங்கியதைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் விஜயதசமி. எல்லோரும் திருப்பதிக்குக் கிளம்பினோம். தீபா குழந்தையை உட்காரவைத்து, பெல்ட்டின் இரண்டு நாக்கையும் உள்ளே தள்ளி அமுக்கினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். புத்தூர் தாண்டியதும் குறுக்கே ஒரு எருமை. சரவணன் பிரேக் அடித்தான்.

சீட் அசையவே இல்லை. தறி மாதிரி நின்றது. கீர்த்தி மட்டும் அதில் இல்லை. முன்னால் டேஷ்போர்டுக்குக் கீழே கிடந்தாள்.

மண்டையோட்டில் விரிசல். ஆபரேஷன். இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தா. உயிரோடு வந்தாள். இடது கால் இழுக்கிறது. 'அத்தை, அத்தை' என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அலைந்தவள், இப்போது ஒவ்வொரு சொல்லாக மறுபடி கற்றுக்கொள்கிறாள். 'அத்தை' இன்னும் வரவில்லை.

தீபாவை ஊர் சும்மா விட்டதா? "பெல்ட்ட ஒழுங்கா போடாம போனப் பாத்துக்கினு இருந்திருப்பா." "மடியில வெச்சிக்கினு இருந்தா இப்டி ஆவுமா?" மடியில் இருந்திருந்தால் பிழைத்திருக்கவே மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். அது யார் காதிலும் ஏறவில்லை. சரவணனே அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

அந்த சீட்டைக் கண்ணில் காட்டாதே என்று அவன் சொன்னதால் நான்தான் எடுத்து வந்தேன். ரேணிகுண்டா ரோட்டில் கார் சாமான் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். பூட்டுக்குள் குண்டூசியை விட்டுக் கிளறினார். மஞ்சளாகத் தூள் கொட்டியது. இன்னும் வாசனை போகவில்லை.

"சூடண்டி அம்மா, பாருங்க, சந்தனம். காய்ஞ்சு கட்டி ஆயிடுச்சு. நாக்கு உள்ள போயிருக்கும், பூட்டு பிடிச்சிருக்காது. பாக்கறதுக்கு மாட்டின மாதிரியே இருக்கும்."

அன்றைக்கே போன் செய்திருக்க வேண்டாமா? செய்யவில்லை. சீட்டைப் பரணில் போட்டேன். வாரா வாரம் இந்தப் பத்திரிகையில் உங்களுக்கு நேர்மையைப் பற்றியும் மனசாட்சியைப் பற்றியும் பத்தி பத்தியாக எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி சிரித்தாரே, அதற்கு மேல் தாங்கவில்லை. சாயங்காலமே பஸ் ஏறி நகரிக்குப் போனேன். தீபா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் நின்ற சரவணனும் கேட்டான்.

அவள் அழவில்லை, திட்டவில்லை. பிசைந்த சோறு கையிலேயே காய்ந்தது.

"அமுக்கினேன்னு சொன்னேனே அண்ணி. ஆஸ்பத்திரில எத்தினி வாட்டி சொன்னேன்... நீங்களும் அங்கதான் குந்திக்கினு இருந்தீங்க."

சரவணன் தலையைக் குனிந்துகொண்டு தறிக்கூடத்துக்குள் போனான். நான் அவள் கையைப் பிடிக்கப் பார்த்தேன். இழுத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது, "தீபா, இதை எழுதலாம்னு இருக்கேன். உன் பேரை மாத்திடறேன்" என்றேன்.

"இன்னாத்துக்கு மாத்தணும்? என் பேரப் போட்டே எழுதுங்க. இந்தத் தெருவுல எல்லாரும் உங்க புஸ்தகம் படிக்கறாங்க. நான் அமுக்கினேன்னு எழுதுங்க."

குழந்தை சீட் பொருத்துகிறவர்களே, சீட்டை ஆட்டிப் பாருங்கள். பூட்டையும் இழுத்துப் பாருங்கள். பொட்டை உங்கள் நெற்றியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றபடி இந்த வாரம் சொல்வதற்கு எனக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

தீபா அமுக்கினாள்.