டச்சிங் இல்லாத போட்டோ

என் அம்மா வீட்டிலிருந்த கடைசிப் பித்தளைக் குடத்தை விற்று போட்டோ எடுத்தவள். இதைச் சொன்னால் எங்கள் உறவில் சிலர் இன்றைக்கும் சிரிப்பார்கள். அரிசிக்கு வழியில்லாத வீட்டுக்குப் போட்டோ ஒரு கேடா என்பார்கள். சிரிக்கட்டும். அந்தப் போட்டோ செய்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். எனக்கு மலைப்பு இன்னும் தீரவில்லை.

அறுபதுகளின் நடுவில், அரிசிக்குத் திண்டாடிய காலம் அது. கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். அப்பா பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார். ஊருக்கெல்லாம் சோறு பரிமாறுகிறவரின் வீட்டில் மரவள்ளிக்கிழங்கும் ரேஷன் கோதுமைக் கஞ்சியும்தான். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு மூன்று. அவன் வயிற்றில் இருக்கும்போதே கப்பலேறிய அப்பா, அவன் முகத்தைப் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாதம் ஒரு தடவை எதிர்வீட்டு வாத்தியாரிடம் போய் அப்பாவுக்குக் கடிதம் எழுதச் சொல்வாள். வாத்தியார் "இங்கு யாவரும் நலம்" என்று எழுதிவிட்டு, "அப்புறம் என்னம்மா?" என்பார். பசி என்று சொன்னால் பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். "அவ்ளோதாங்க சார், ஒடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று எழுந்து வந்துவிடுவாள். நான் எழுதித் தருகிறேன் என்றால், "நீ சின்னப் புள்ள, ஒனக்கெதுக்கு அதெல்லாம்" என்பாள். பெற்ற பெண்ணிடம் பசியைச் சொல்லி எழுத வைக்க அவளுக்கு வாய் வரவில்லை. அந்தப் பசியில் பாதி என்னுடையது என்பது வேறு விஷயம்.

பையனைப் பார்க்க வேண்டும், குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்று அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். அந்தக் காலத்தில் போட்டோவுக்குச் சொந்தத் துணியில் யார் போனார்கள்? பக்கத்து வீட்டு அக்காவின் பட்டுப்புடவையும் இரட்டைவடச் சங்கிலியும் அம்மா மேல் ஏறின. தம்பிக்கு ஸ்டுடியோவிலேயே ஒரு கோட்டு மாட்டிவிட்டார்கள். எனக்கு முகம் முழுக்கப் பவுடர். பின்னால் திரையில் ஏதோ ஒரு மாளிகையின் மாடிப்படி. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை! போட்டோ வந்ததும் நாங்களே அசந்துபோனோம், ஜமீன் வீட்டு ஆட்கள் மாதிரி இருந்தோம். சந்தோஷமாக அப்பாவுக்கு அனுப்பிவைத்தோம்.

பதிலை வாத்தியார்தான் படித்துக் காட்டினார். போட்டோ பார்த்து மனம் குளிர்ந்ததாம். எல்லோரும் செழிப்பாக இருக்கிறோமாம். ஆகையால் இன்னும் ஆறு மாதத்துக்கு வீட்டுக்குப் பணம் அனுப்பாமல், என் தங்கை கல்யாணத்துக்கு அனுப்பிவிடுகிறேன் என்று எழுதியிருந்தார்.

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "இரவல் சீலைய நம்பி இடுப்புக் கந்தைய எறிஞ்ச கதையா ஆயிடுச்சே" என்று புலம்பினாள். எங்கள் சோற்றில் நாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோம், அதுவும் பவுடர் பூசிக்கொண்டு.

கிழங்குகூட இல்லாத நாட்கள் வந்தன. தம்பிக்குக் கால் சூம்பி வயிறு முன்னால் தள்ளியது. ஒருநாள் காலையில் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு போய் வெறுங்கையோடு திரும்பினாள். இன்றைக்கு அரிசி வரும் என்று நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.

"அடுப்பு வேணாம், கெளம்பு. செதம்பரம் போயி போட்டோ எடுத்துக்கினு வரலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில், "ஒனக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று கத்திவிட்டேன். அவள் அடிக்கவில்லை. "உள்ளபடி நாம எப்டி இருக்கறோம்னு ஒங்கப்பா பாக்கட்டும். இங்க எடுத்தா நாலு பேருக்குத் தெரியும். அங்க நம்மள யாருக்குத் தெரியும்?" என்றாள். கட்டியிருந்த கிழிசல் புடவையோடேயே ரயிலேறினாள்.

சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு சின்ன ஸ்டுடியோ. போட்டோக்காரர் எங்களைப் பார்த்ததும் சீப்பையும் பவுடர் டப்பாவையும் நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

"எப்டி வந்தமோ அப்டியே எடுங்க."

"செயினு கியினு வேணும்னா இங்கியே இருக்குதும்மா. காசு ஜாஸ்தி கேக்க மாட்டேன்."

"வேணாங்க. அந்தத் தெரையயும் சுருட்டிடுங்க. புள்ளைக்கு நான் சட்டைய கயட்டிடறேன்."

அவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, திரையைச் சுருட்டிக் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

ஒரு வாரம் கழித்துப் போட்டோ வாங்கப் போனோம். பார்த்ததும் அம்மாவின் முகம் சுருங்கியது.

"இது யாரு?"

"என்னாம்மா, நீங்கதான். டச்சிங் பண்ணியிருக்கேன். கன்னம் ரொம்ப ஒட்டிப்போயி இருந்துச்சி, மனசு கேக்கல. அதுக்குக் காசு வேணாம்."

நெகட்டிவில் பென்சிலால் மெல்லத் தீற்றினால், அதிலிருந்து எடுக்கும் பிரிண்ட்டில் முகத்துக் குழியெல்லாம் நிரம்பிவிடும். அதற்குப் பெயர்தான் டச்சிங். அந்த நல்ல மனிதர் அம்மாவுக்குக் கன்னம் வைத்திருந்தார். தம்பியின் விலா எலும்புகளை மூடியிருந்தார். அத்தனை மாதக் கஞ்சியால் முடியாததை ஒரு பென்சில் செய்திருந்தது.

"எங்க வூட்டுக்காரரு கடல் தாண்டி இருக்காருங்க," என்றாள் அம்மா. "நாங்க நல்லா இருக்கறோம்னு நெனச்சிக்கினு இருக்காரு. எனக்கு எழுதத் தெரியாது. ஒருத்தர்கிட்ட சொல்லி எழுதவும் வெக்கமா இருக்குது. இதப் பாத்தாதான் அவருக்குத் தெரியும். நீங்க வச்ச சதைய எடுத்துடுங்க."

அவர் போட்டோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "இத்தினி வருசமா வைக்கச் சொல்லித்தான் கேட்டிருக்காங்க" என்றார். பிறகு நெகட்டிவை எடுத்து, பஞ்சில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தார். அவர் இருட்டறைக்குள் போகும்போது நானும் வரட்டுமா என்று கேட்டேன். வா என்றார்.

உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது. தட்டில் இருந்த மருந்துத் தண்ணீரில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு ஆட்டினார். கறுப்பான இடங்கள்தான் முதலில் வந்தன. தலைமுடி, கண்கள், அப்புறம் அம்மாவின் கன்னத்துக் குழி, அப்புறம் தம்பியின் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக. ஓரத்தில் நான். அதுவரை எங்கள் பசியை வயிற்றில்தான் தெரியும், வெளியே நின்று பார்த்ததில்லை. உடம்பு சிலிர்த்தது. கும்பிட வேண்டும் போலிருந்தது. சிதம்பரத்துக்கு இரண்டு தடவை போயும் கோயிலுக்குள் போகாமல் திரும்பினோம். எனக்கு அது குறையாகவே தெரியவில்லை.

கடிதம் எதுவும் வைக்காமல் போட்டோவை மட்டும் உறையில் போட்டு அனுப்பினாள் அம்மா. விலாசம் எழுதியது நான்.

பினாங்கிலிருந்து வந்த உறையிலும் கடிதம் இல்லை. ஒரு போட்டோதான் இருந்தது. அதில் அப்பா சட்டையில்லாமல், வெறும் கைலியோடு, காரை பெயர்ந்த ஒரு சுவருக்கு முன்னால் நின்றார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. அவரும் மாதாமாதம் நலம் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்.

அம்மா அதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் வெகு நேரம் பார்த்தாள். "அடப் பாவி மனுசா" என்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நோட்டும் பென்சிலும் எடுத்துக்கினு வா, நான் சொல்றத எழுது" என்றாள் என்னிடம்.

ஐந்து மாதம் கழித்து அப்பா வந்து சேர்ந்தார். ஓ.டி.யிலேயே மூட்டை தூக்கினார். அவரை வரவழைத்தது, அன்றைக்கு அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய இந்த நாலு வரிதான்:

"நாங்க நல்லா இல்ல. நீங்களும் நல்லா இல்ல. நல்லா இல்லாம இருக்கறதுக்கு எதுக்குக் கடல் தாண்டி ரெண்டு வூடு? பொறப்பட்டு வாங்க."