சரிவு மண்ணில் ஒரு வெள்ளிக் காப்பு

இந்த நாட்டில் எங்கே வெட்டினாலும் மண்வெட்டி இரும்பில் முட்டுகிறது. நம் ஊரில் 'நங்' என்று சத்தம் வந்தால் கல் என்று தள்ளிவிடுவோம். கண்டிப் பக்கம் ஹேவாஹெட்டவில் நான் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்திலோ, கத்தரிக்குப் பாத்தி போட்டாலும் உடைந்த பல்சக்கரம், கொதிகலன் தகடு, துருப்பிடித்த சங்கிலி என்று ஏதாவது வரும். முன்பு இது கோப்பித் தோட்டமாம், நம் ஊர்க் காப்பிதான். நோய் விழுந்து கோப்பி அழிந்தபோது பழைய யந்திரங்களை உடைத்து மலைச்சரிவில் தள்ளி மண்ணைப் போட்டு மூடிவிட்டார்களாம். வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது, என் அண்ணன் சின்னையா அந்தச் சரிவிலேயே புதையும் வரை.

ஐப்பசி அடைமழையில் நான்கு பேர் அங்கே தண்ணீர் வடியக் கான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மலை சரிந்து இறங்கியபோது மூவர் ஓடித் தப்பினார்கள். அண்ணனுக்காக எட்டு நாள் தோண்டினோம். மேலே புதிதாக வெடிப்பு விட்டதும் தோட்டத்துத் துரை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஊருக்கு எழுதினேன். அண்ணி பேச்சியம்மாளின் பதிலை யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள்: "ஒடம்பப் பாக்காம நான் தாலியக் கழட்ட மாட்டேன் தம்பி. அவரு கையில காப்பு இருக்கும். அதையாவது எடுத்து அனுப்புங்க." இங்கே கப்பலேற மண்டபம் முகாமுக்கு நாங்கள் ரயிலேறிய அன்று அவள் போட்டுவிட்ட வெள்ளிக் காப்பு அது. கூட்டத்தில் நின்று, சவுக்காரம் தடவி, கை வலிக்க வலிக்க ஏற்றினாள். இனி சுலபத்தில் கழலாது என்று அண்ணன் சிரித்தார்.

மறுவருடம், புதைந்துபோன தண்ணீர்க் குழாயைத் தேட ஓர் இஞ்சினியர் துரை வந்தார். அவரிடம் ஒரு கருவி இருந்தது. கம்பின் நுனியில் சல்லடைபோல் ஒரு வளையம், ஒரு மரப்பெட்டி, காதில் மாட்டும் குழல். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் காதில் ஊளையிடும். பேட்டரியைச் சுமந்தவன் நான். குழாய் கிடைத்ததும் சரிவைக் காட்டி, என் மணிக்கட்டைத் தொட்டு, "பிரதர்" என்றேன். அவர் சரிவைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லி இரண்டு விரல்களை நீட்டினார். இரண்டு நாள் தருகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

வளையம் போன இடமெல்லாம் ஊளையிட்டது. குழலை வாங்கி நானும் மாட்டிப் பார்த்தேன். ஒரு சாண் இடம்கூட ஓயவில்லை. வெட்டினேன். ஆணி, இரும்புப் பட்டை, மறுபடியும் ஆணி. இரண்டாம் நாள் தோட்டத்துக் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா பார்க்க வந்தார்.

"வெள்ளி வேற, இரும்பு வேறன்னு இதுக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் துரையிடம் பேசிவிட்டுத் திரும்பினார். "தெரியாதாம். ரெண்டு அடிக்குக் கீழ ஒண்டும் கேக்காதாம். அதைத்தான் துரை விரலால காட்டினவர்."

"இங்க நாலு ஆள் மட்டத்துக்கு மண்ணு கெடக்குங்களே, ஐயா."

"ஓம்," என்று ஆமோதித்தார்.

தெரிந்தும் துரை ஏன் இரண்டு நாளும் என்னோடு மழையில் நடந்தார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கண்டிக்குப் போய் அதேபோல் ஒரு காப்பு வாங்கினேன். கல்லில் தேய்த்து, சேற்றில் ஊறவைத்து, பொட்டலம் கட்டித் தபால் கந்தோர்வரை கொண்டுபோனேன். அதைப் பார்த்த அன்றே அவள் தாலியைக் கழற்றுவாள். அண்ணன் செத்தது மெய்தான்; ஆனால் அவளை ஒரு பொய்யால் கைம்பெண்ணாக்க என்னால் முடியவில்லை. திரும்பிவிட்டேன். ஊருக்குப் போக லீவு கிடைத்தும் போகவில்லை. அவள் நெற்றிப் பொட்டுக்கு முன்னால் என்ன சொல்லி நிற்பது?

ஆடி அமாவாசைக்கு நான் இங்கே சரிவின் ஓரத்தில் அண்ணனுக்குச் சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிடுகிறேன். அங்கே அண்ணி அவர் வேட்டியைத் துவைத்துக் காயவைத்து மடித்து வைக்கிறாளாம். ஊரிலிருந்து வந்தவர் பார்த்ததாகச் சொன்னார்.