பிடித்தால் நில், எறி

பிள்ளைகளே, உங்கள் அப்பா ஏழு வருஷம் பயிற்சியாளராக இருந்தவர் என்றால் நீங்கள் இருவரும் சிரிக்கிறீர்கள். உங்களில் பெரியவளுக்காவது தெரியும், அவளும் என் கூடைப்பந்து அணியில் நின்றவள்தானே.

ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில், கிழமை நாட்களில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு உதைபந்தாட்டம் பழக்கினேன். அது எனக்குத் தெரிந்த விஷயம். யூரோ காசு வந்த மறு வருஷம் பெண் பிள்ளைகள் கூடைப்பந்து கேட்டார்கள். "அண்ணை, நீங்கள் நிண்டால்தான் பிள்ளையளை விடுவம்" என்றார்கள் தாய்மார்.

கூடைப்பந்தை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. ஊரில் என் அக்கா ஆடிய வலைப்பந்துதான் தெரியும். அதில் பந்தோடு ஓடக் கூடாது. பிடித்த இடத்திலேயே நின்று எறிய வேண்டும். அதையே பழக்கினேன்.

"மாமா, பள்ளிக்கூடத்தில நாங்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுறனாங்கள்" என்றாள் ஒருத்தி.

"அது பெடியளின்ரை விளையாட்டு. பிடிச்சால் நில்லுங்கோ, எறியுங்கோ."

பெரியவர் சொன்னதென்று கேட்டுக்கொண்டார்கள்.

முதல் ஆட்டம் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளோடு. அவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டு எங்கள் பிள்ளைகளைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். எங்கள் பிள்ளைகள் பந்து கைக்கு வந்ததும் அப்படியே நின்றார்கள். இடைவேளையில் நடுவர் என்னிடம் வந்து, இவர்களுக்குக் கால் நோகிறதா என்று கேட்டார். இரண்டே கூடை போட்டோம்.

முடிந்ததும் மண்டபத்து ஓரம் வாங்குப் பலகையில் வந்து இருந்த பிள்ளைகளைக் கேட்டேன். "தட்டலாமெண்டு தெரிஞ்சும் ஏன் பேசாமல் நிண்டனீங்கள்?"

"சொன்னனாங்கள் அப்பா. நீங்கள்தான் கேக்கேல்லை" என்றாள் பெரியவள்.

"அப்ப வேறை ஆளைப் பிடிப்பமே? எனக்கு இது ஏலாது."

சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள். "நீங்கள் விட்டால் அம்மா என்னை அனுப்பமாட்டா, மாமா."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவர்கள் வீடுகளிலும் அதே கதைதான் என்று எனக்குத் தெரியும்.

"மாமாவுக்கு நாங்கள் தட்டக் காட்டித் தாறம்" என்றாள் இன்னொருத்தி. "பிழைச்சால் மண்டபத்தைச் சுத்தி ரெண்டு ரவுண்ட், நீங்கள் எங்களுக்குத் தந்த மாதிரி."

"ஓம்" என்றேன்.

அவர்கள் வீடு போகத் தொங்கு ரயில் நிலையத்துக்குப் போனார்கள். மண்டபத்தைப் பூட்டும் சாவி என்னிடம் இருந்தது. பூட்டவில்லை. ஒரு பந்தை எடுத்துத் தட்டிக்கொண்டு நடந்தேன். நாலாவது அடியில் அது காலில் பட்டு வாங்குக்கு அடியில் உருண்டது. குனிந்து எடுத்து, திரும்பத் தொடங்கிய கோட்டுக்குப் போய் நின்றேன்.