ஜிப்பு வைத்த நெஞ்சு

விக்கிரமங்கலத்தில் பெரியப்பா வீட்டுக்குள் நுழைந்ததுமே டெட்டால் வாசனை. அவருக்கு இருதய ஆபரேஷன் முடிந்திருந்தது. எனக்கோ சட்டென்று ஏழு வயதாகிவிட்டது.

அந்த வயதில்தான் என் இருதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்து, பெரம்பலூர் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். பார்க்க வந்தவர்கள் பன்னும் ஹார்லிக்சும் தந்தார்கள். பதிலுக்கு என் தழும்பைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அம்மா தடுத்தாலும் பெரியப்பா விடமாட்டார். "வெக்கமென்னடா, சட்டையக் கழட்டு. ஜிப்பு வச்சுத் தச்சிருக்கான் பாருங்க" என்பார். ஒருநாள் என் வகுப்புச் செல்வியே அவள் அம்மாவோடு வந்து நின்றாள்.

"கதவையாவது சாத்துங்க பெரியப்பா" என்று கெஞ்சினேன். அவர் சிரித்துக்கொண்டே என் பொத்தான்களைக் கழற்றினார். பள்ளி முடியும்வரை செல்வி என்னை 'ஜிப்பு' என்றுதான் கூப்பிட்டாள். மன்னிப்பைப் பற்றி நிறையப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். ஒன்றும் உடம்பில் ஒட்டவில்லை.

இன்று அவரைச் சுற்றிச் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் அவர் சட்டையில்லாமல் ஒருநாளும் நின்றதில்லை.

"வெக்கமென்ன பெரியப்பா, சட்டையக் கழட்டுங்க. சம்பந்தி பாக்கட்டும்" என்றேன்.

சம்பந்தியம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பெரியப்பா என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, "கதவையாவது சாத்துடா" என்றார்.

நான் எழுந்துபோய்த் தெருப்பக்கத்து ஜன்னலையும் திறந்து வைத்தேன்.