பூதம் இல்லாத பாட்டு

குழந்தைப் பாட்டு எழுதுவதில் கஷ்டம் எழுதுவது அல்ல. எழுதியதைப் படமாகப் பார்ப்பது. என்னைப்போல் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பல வருடங்கள் ஒரு பத்திரிகையில் சிறுவர் பகுதியைப் பார்த்துக்கொண்டேன். இப்போது சேலையூரில் தினேஷ் என்பவர் இணையத்தில் நடத்தும் சேனலுக்குப் பாட்டு எழுதுகிறேன். அவர் மகள் யாழினிக்கு ஐந்து வயது. பட்டப்பகலிலும் வீட்டின் பின்பக்கப் பாத்ரூமுக்குத் தனியாகப் போகமாட்டாள். உள்ளே பூதம் இருக்கிறதாம். ஜூனில் பள்ளிக்கூடம், அங்கே துணைக்கு யார் போவது? "அவ பயம் போற மாதிரி ஒண்ணு எழுதுங்க சார்" என்றார் தினேஷ். எழுதினேன்.

கட்டில் அடியில் பூதம் இல்லை,
கால்மிதி ஒன்று தூங்குது!
கதவின் பின்னால் யாரும் இல்லை,
துடைப்பம் மட்டும் நிற்குது!

சொல்லுக்கு ஒரு படம்

படம் வரைபவர் நஸ்ரீன். கைதேர்ந்தவர். குழந்தைப் பாட்டு வீடியோவுக்கு ஒரு விதி உண்டு என்று அவர்தான் எனக்குச் சொன்னார்: காதில் விழும் ஒவ்வொரு பொருளும் திரையில் வரவேண்டும். நிலா என்றால் நிலா, குடை என்றால் குடை.

ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் பச்சை நிறத்தில், கொம்பும் கோரைப்பல்லுமாக ஒரு பூதம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பாட்டே பூதம் இல்லை என்பதுதானே என்றேன். நஸ்ரீன் பேனாவைக் கீழே வைத்தார்.

"சரி சார். 'இல்ல'ங்கிறத எப்படி வரையறதுன்னு நீங்களே சொல்லுங்க."

வெறும் தரை

வெறும் தரையையும் கால்மிதியையும் காட்டினால் போதும் என்றேன். தினேஷ் ஒத்துக்கொள்ளவில்லை. வெறும் தரை வந்த நொடியே குழந்தைகள் அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடுமாம். வாதாடிக் களைத்தபின் ஒரு சமரசம்: பூதம் இருக்கும், 'இல்லை' என்று பாடும்போது அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி விழும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்தக் குறி என்ன புரியும் என்று தினேஷிடம் கேட்டேன்.

"அதான் அடிச்சுட்டோம்ல சார், அப்புறம் எப்படி இருக்கும்?"

கோவளத்தில் கட்டில்

இருட்டு அறை செல்போன் திரையில் எடுபடாதாம். அதனால் ஒரு கட்டிலை மினி லாரியில் ஏற்றிக் கோவளத்துக்குக் கொண்டுபோனார்கள். நிஜக் குழந்தைகளைப் படம்பிடித்து, நஸ்ரீன் வரைந்த பூதத்தைப் பிறகு அதில் ஒட்டிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. மணலில் கட்டில், அதன்மேல் நான்கு குழந்தைகளின் ஆட்டம், பின்னால் வரிசையாகப் படகுகள். பயத்தைப் போக்கும் பாட்டில் பயப்படுவதற்கு ஓர் இடம் வேண்டாமா என்று நான் கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை. வலை உதறிக்கொண்டிருந்த ஒரு படகுக்காரர்தான் அன்று என் கட்சி. பாட்டை முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பூதம் இல்ல இல்லன்னு கத்திகினு கீறீங்களே சார், இந்த வெயில்ல அது இன்னாத்துக்கு வரப்போவுது?"

முதல் ரசிகை

வீடியோவை யாழினிக்குத்தான் முதலில் போட்டுக் காட்டினோம், அவள் வீட்டு ஹாலில். அசையாமல் பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். சிவப்புக் குறியை விரலால் தொட்டாள். பிறகு குனிந்து, உள்ளறைக் கட்டிலைத் தூரத்திலிருந்தே நோட்டம் விட்டாள். "அப்பா, இனிமே நான் கட்டில்ல படுக்கமாட்டேன். பாய் போடுங்க" என்றாள். தினேஷ் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அதற்குள் அவள் யாரையும் கூப்பிடாமல் பின்பக்கம் நடந்தாள். எம்பி, பாத்ரூம் விளக்கைப் போட்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவளிடம், பயமாக இல்லையா என்று கேட்டேன். கவுனில் கையைத் துடைத்தபடி, விவரம் தெரியாதவனுக்குச் சொல்வதுபோல் சொன்னாள்:

"அதான் கட்டிலுக்கு அடியில இருக்குல்ல தாத்தா, அப்புறம் எப்படி பாத்ரூம்ல இருக்கும்?"

பூதம் இல்லவே இல்லை என்று நான் மாய்ந்து மாய்ந்து எழுதியதை அந்த வீட்டில் நம்ப வேண்டியவள் நம்பவில்லை, நல்லவேளை.