தண்ணீர்த் தொட்டி வளைவில் கட் ஆகாத போன்

போன ஞாயிறு மாலை அந்தோணி போன் செய்தார். எங்கள் மலையிலேயே கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர். அவர் மகன் ஜோயலும் என் மகள் நிலாவும் மலைக்குக் கீழே ஈப்போவில் ஒரே அலுவலகம். கல்யாணம் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். பெற்றோருக்கு மிச்சம் வைத்த ஒரே வேலை, சம்மதம் சொல்வது. அதையும் நான் ஒழுங்காகச் செய்யவில்லை.

போன் வந்தபோது தேயிலைக்கு நடுவே லோரி போகும் மண் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். நலம் விசாரித்தோம். மழையைத் திட்டினோம். பிறகு அந்தோணி தொண்டையைச் செருமினார்.

“அண்ணே, நேரா கேட்டுர்றேன். நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. கல்யாணத்த சர்ச்சுல வெக்கணும்னு வீட்டுல ஆசப்படுறாங்க. உங்க மனசுல ஒன்னும் இல்லையே?”

என் மனதில் ஒன்றும் இல்லை. வீட்டில் ஏற்கெனவே பேசி முடித்த விஷயம். “சந்தோஷம், அப்படியே செய்வோம்” என்றால் முடிந்தது. ஆனால் நான் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன். ஒரு வரியில் முடிவதை ஒரு பக்கத்துக்கு இழுத்தே பழகிப்போனவன். விடுவேனா?

பேசினேன். ஒரே மழையில் நனையும் தேயிலையையும் கோஸையும் பற்றிப் பேசினேன். இந்த மலையின் கோயிலையும் சர்ச்சையும் கட்டியது ஒரே தோட்டத்து ஜனங்கள்தான் என்றேன். குரல் தழுதழுத்தது. கொஞ்சம் நானாகவும் தழுதழுக்க வைத்தேன். மறுமுனையில் சத்தமே இல்லை... மனிதர் உருகிவிட்டார் என்று நினைத்து இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்தேன்.

பிறகு லைன் நின்றது. அழுகையை அடக்க முடியாமல் வைத்துவிட்டார் போலும்! வீட்டுக்கு வந்து நிம்மதியாக டீ குடித்தேன்.

டீ முடிவதற்குள் மகள் கூப்பிட்டாள்.

“என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க? சர்ச்சுல வெக்க ஓகேவான்னு கேட்டாராம். நீங்க வாயே தெறக்கலையாம்!”

“நானா? வாய மூடவே இல்லையேம்மா!”

“லைன் கட் ஆவலையாம். காத்திருந்து பாத்துட்டு அவரே வெச்சிட்டாராம். மனசில்லாதவங்கள கட்டாயப்படுத்த வேணாம், இத விட்ருவோம்னு ஜோயல்கிட்ட சொல்லிட்டாரு. அவன் என்கிட்ட பேசக்கூட மாட்றான்பா...”

அவள் அழுதாள். நான் உரையாற்றிய இடம் எது என்று அப்போதுதான் யோசித்தேன். தண்ணீர்த் தொட்டி வளைவு!

எங்கள் தோட்டத்தில் அந்த வளைவை எல்லோருக்கும் தெரியும். அங்கே போனால் மலை டவரை மறைத்துவிடும், போன் கட் ஆகும். இதற்கென்று இங்கே ஒரு வழக்கமே உண்டு. வளைவுக்குள் நுழைகிறவர் “தொட்டி வருது லா” என்பார். மறுமுனையில் இருப்பவர் கோபப்படாமல் காத்திருப்பார். வளைவைத் தாண்டியவர் திரும்பக் கூப்பிடுவார். மாமியாரிடம் பேசும் மருமகன்கள் வளைவுக்கு ரொம்ப முன்பே “தொட்டி வருது” என்பதும் உண்டு. யாருக்கும் மனத்தாங்கல் இல்லாத ஏற்பாடு.

நான் சும்மா இருந்தேனா? சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் அந்த வளைவைக் கிண்டலடித்து எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். அதைப் படித்துவிட்டு, போன் கம்பெனி இன்ஜினியர் கவிதா என்ற பெண் என்னைப் பார்க்க வந்தாள். அந்த ஒரு டவரில் மட்டும் சில செட்டிங்குகளை மாற்றிப் பார்க்கப் போகிறார்களாம். நடந்து பார்த்துச் சொல்ல உள்ளூர் ஆள் வேண்டுமாம்.

“அங்கிள், சிக்னல் போனதும் போன் ஒடனே கட் பண்ணாது. ஒரு டைமர் ஓடும். அதுக்குள்ள சிக்னல் வந்துட்டா பேச்சு தொடரும். வரலன்னா, வேற டவர் கெடைக்குதான்னு தேட இன்னொரு டைமர். அதுவும் முடிஞ்சாத்தான் கட்.”

“அப்ப ரெண்டையும் நல்லா நீட்டி விட்ருங்க.”

“நீட்டலாம். ஆனா போன் செத்த லைன புடிச்சிக்கிட்டே நிக்கும். சத்தம் இருக்காது. ஆளு லைன்ல இருக்கற மாதிரியே தெரியும். பரவால்லையா?”

“கட் ஆவறதுக்கு அது எவ்வளவோ மேல் லா,” என்றேன், ரேடியோ அலையை நானே கண்டுபிடித்தவன் தோரணையில்.

அவள் தயங்கினாள். நான் வற்புறுத்தினேன். நீட்டினாள்.

சோதனைக்கு என் மனைவி செல்வியைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே வளைவைச் சுற்றி வந்தேன். கட் ஆகவே இல்லை! பிரமாதம் என்று கவிதாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். இடையில் என் குரல் காணாமல் போனதைச் செல்வி சொல்லவில்லை. சமைத்துக்கொண்டே கேட்டவள். நான் பேசுவதற்கும் பேசாததற்கும் அவள் வித்தியாசம் பார்ப்பதை விட்டுப் பல வருடம் ஆகிறது. சோதனைக்கு இப்படி ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு புத்திசாலித்தனம் வேண்டும்?

கவிதாவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

“உங்க டைமர் எம் பொண்ணு கல்யாணத்தையே நிறுத்திரும் போலிருக்கே!”

“ஐயோ அங்கிள்... ஆனா ரிப்போர்ட்ல அந்த டவர் சூப்பரா இருக்கே. கட் ஆவற கால் ரொம்பக் கொறஞ்சிருச்சு.”

“கொறையாம என்ன செய்யும்? மனுஷனே வெச்சிட்டுப் போயிட்டாரு!”

சற்று நேரம் பதில் இல்லை. நான் பயந்துபோய் ஸ்கிரீனைப் பார்த்தேன்.

“லைன்லதான் இருக்கேன் அங்கிள். நீங்க சொல்றது சரிதான். ஆளே வெச்சிட்டா, பேசி முடிச்சிட்டாங்கன்னுதான் சிஸ்டம் எண்ணிக்கும். கொறச்சிர்றேன்.”

மனம் நொந்து போனை வைத்தவரும் திருப்தியாகப் பேசி முடித்தவரும் அந்த ரிப்போர்ட்டில் ஒன்று! இயந்திரத்தைக் குறை சொல்லி என்ன? கட் ஆனால் மலை மேல் பழி போட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிடுவோம். மௌனம் வந்தால் மட்டும் ஆளுக்கொரு அர்த்தம் எழுதிக்கொள்கிறோம். அவர் “மனமில்லை” என்று எழுதிக்கொண்டார். நான் “உருகிவிட்டார்” என்று எழுதிக்கொண்டேன். அவருடையதில் கொஞ்சமாவது நியாயம் இருந்தது.

அந்தோணி அதன்பின் என் போனை எடுக்கவில்லை. மறுநாள் காலை செல்வியுடன் காரில் புறப்பட்டேன். வழியில் கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க நின்றவர்களின் கார்கள் ரோட்டையே அடைத்திருந்தன. இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் அவசரம் போலிருந்தது.

அந்தோணி லோரியில் கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“வாங்க சார்,” என்றார். ‘அண்ணே’ போய்விட்டது.

டைமரைப் பற்றி விளக்கினேன். முதல் டைமர், இரண்டாவது டைமர், மலை, டவர்... ஒரு கோஸைத் தொட்டியாகவும் இன்னொன்றை டவராகவும் வைத்துக் காட்டினேன். டவர் உருண்டு லோரிக்கு அடியில் போனது.

“போன் கட் ஆவலையே சார். நான் லைன்லதான இருந்தேன்.”

“அதான் கோளாறே!”

“கட் ஆவாததா கோளாறு?” அவர் அடுத்த கூடையைத் தூக்கினார்.

செல்வி குறுக்கே வந்தாள். “இவர நம்பி டெஸ்ட் பண்ணச் சொன்னாங்கண்ணே, அதான் கோளாறு. இவரு பேசாம இருந்தாருன்னு யாராச்சும் சொன்னா நம்புவீங்களா நீங்க?”

அந்தோணி கூடையோடு நின்று யோசித்தார். இந்த வாதத்தில் ஏதோ உண்மை இருப்பது அவருக்கும் பட்டிருக்க வேண்டும்.

“சரி. அப்ப என்னதான் சொன்னீங்க?”

‘ஒரே மழையில் நனையும்...’ என்று வாயெடுத்தேன். எதிரே மண்ணும் ஈரமுமாக நிஜமான கோஸ் மலை போல் குவிந்து கிடந்தது. அதன் முன்னால் அந்த வாக்கியம் வெளியே வரக் கூச்சப்பட்டது.

“சந்தோஷம்னு சொன்னேன். சர்ச்சுலயே வெச்சுக்குவோம்னு சொன்னேன்.”

“அவ்ளோதானா?”

“அவ்வளவுதான்.”

“இதுக்கா அண்ணே அவ்ளோ நேரம்?”

கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். லோரி மேல் நின்றவர்களும் சிரித்தார்கள். வீட்டுப் பக்கம் திரும்பி, “சம்பந்தி வந்திருக்காங்க, டீத்தண்ணி கலக்கு!” என்று சத்தம் போட்டார். அங்கேயே மகளுக்குப் போன் போட்டுச் செல்வியிடம் கொடுத்தேன். நான் பேசுவதாக இல்லை.

கல்யாணம் சர்ச்சில்தான். சம்மதமா என்று அங்கே ஃபாதர் கேட்பாராம். அந்த நேரத்தில் அப்பா வாயைத் திறக்கவே கூடாது என்பது மகள் போட்டிருக்கும் ஒரே கண்டிஷன்.